‘லவ்’ என்பதற்கு இந்தியில் எந்தச் சொல்? ப்யார், ப்ரேம், சாஹ்னா, பசந்த்: ஓர் ஒப்பீடு

‘ஐ லவ் மை மதர்’, ‘ஐ லவ் பிரியாணி’, ‘ஐ லவ் யூ’. ஆங்கிலத்தில் மூன்றுக்கும் ஒரே வினைச்சொல் போதும். இந்தியில் மூன்றுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் எங்காவது ஓரிடத்தில் கேட்பவர் சிரிப்பார். அகராதியைத் திறந்தால் ப்யார், ப்ரேம், இஷ்க், முஹப்பத், சாஹ், ஸ்னேஹ், அனுராக் என்று வரிசையாக அடுக்கியிருக்கும். எதை யாரிடம் சொல்லலாம் என்பது மட்டும் அதில் இருக்காது. இந்தி கற்பவர், சப்டைட்டில் எழுதுபவர், வாழ்த்து அட்டைக்கும் விளம்பரத்துக்கும் ஒரு வரி தேடுபவர் எல்லோரும் முட்டி நிற்பது இங்கேதான்.

ஒலிப்பைப் பற்றி ஒரு குறிப்பு. ப்யார், ப்ரேம், பசந்த் மூன்றின் முதல் எழுத்தும் ‘பல்’ என்பதில் வரும் அழுத்தமான ப. பசந்தின் கடைசி ஒலி ‘பந்து’ என்பதில் வரும் மெல்லிய த. ‘சாஹ்னா’வின் ச, ‘அச்சம்’ என்பதில் வரும் ச போல அழுத்தமானது, ஸ அல்ல. முஹப்பத்தின் நடுவில் வருவது ‘கம்பு’ என்பதில் உள்ள மெல்லிய ப, இரட்டித்து. மேன், ஹூன் என்பவற்றின் கடைசி ன் வெறும் மூக்கொலி.

## எதை வைத்துத் தேர்ந்தெடுப்பது

பலர் ‘எது ஆழமான அன்பு?’ என்ற கேள்வியிலிருந்து தொடங்குகிறார்கள். அது உதவாத கேள்வி. சாதாரணச் சொல்லான ப்யாரை வைத்தே உயிரைக் கொடுக்கும் அன்பையும் சொல்லலாம், நாய்க்குட்டி மீதான கொஞ்சலையும் சொல்லலாம். பார்க்க வேண்டியவை வேறு.

முதலாவது, யார் எதை அல்லது யாரை நேசிக்கிறார்: ஆளா, பொருளா, செயலா? ஆள் என்றால் காதலரா, பெற்றவரா, இளையவரா? மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரிது. முக்கால்வாசித் தேர்வு இதிலேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, சொல்லோடு வரும் உருபு. தமிழில் ‘உன்னை’ என்று ஐ உருபு போட்டுப் பழகியவர்கள் இந்தியிலும் ‘கோ’ போடத் துடிப்பார்கள். ப்யாருக்கு இயல்பான உருபு ‘ஸே’.

மூன்றாவது, பால். இந்தியில் சொல்பவர் ஆணா பெண்ணா என்பது வினையில் தெரியும்: கர்தா, கர்தீ. ‘நான் நேசிக்கிறேன்’ என்ற தமிழ் வாக்கியத்துக்கு இந்தக் கவலையே இல்லை. அதனால் நமக்கு அதிகம் தவறுவது இதுதான்.

நான்காவது, நடை. சம்ஸ்கிருதம் தோய்ந்த எழுத்து நடையா, உருது தோய்ந்த கவிதை நடையா, வீட்டுப் பேச்சா?

## சொற்களின் பூர்வீகம்

‘லவ்’ பழைய ஆங்கிலத்தில் ‘லுஃபியன்’ என்ற வினை. ‘லுஃபு’ என்ற பெயர்ச்சொல். ஜெர்மன் ‘லீபெ’யும் லத்தீன் ‘லிபிடோ’வும் அதே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. நம்புவதைக் குறிக்கும் ‘பிலீவ்’கூட அந்தக் குடும்பம்தான். அந்த வேர் சம்ஸ்கிருதத்தில் ‘லுப்’ என்று நிற்கிறது: ஆசையால் இழுபடுதல். அதிலிருந்து இந்திக்கு வந்தவை ‘லோப்’ (பேராசை), ‘லோபீ’ (பேராசைக்காரன்), ‘லுபானா’ (மயக்கி இழுத்தல்). தமிழில் கஞ்சனைச் சொல்லும் ‘உலோபி’யும் இந்த வழியில் வந்ததே. ஆக, ‘லவ்’வின் இரத்த உறவு இந்தியில் இருந்தாலும் அதை மொழிபெயர்ப்பாகப் பயன்படுத்த முடியாது. மனைவியிடம் ‘லோப்’ என்றால் அவர் சொத்துக் கணக்கு என்று நினைப்பார்.

ப்யார், ப்ரேம் இரண்டும் ‘ப்ரீ’ (மகிழ்வித்தல்) என்ற சம்ஸ்கிருத வேரின் பிள்ளைகள். ‘ப்ரேம்’ சம்ஸ்கிருத வடிவை அப்படியே எடுத்துக்கொண்டது. ‘ப்யார்’ பிராகிருத வழியாகத் தேய்ந்து வந்தது. அதே வேர் ஆங்கிலத்தில் ப, ஃப ஆகத் திரிந்து ‘ஃபிரெண்ட்’ ஆயிற்று. முஹப்பத்தும் இஷ்க்கும் அரபுச் சொற்கள், பாரசீகத்தின் வழியாக வந்தவை, பசந்த் பாரசீகம். நடை வேறுபாட்டின் மூலம் இந்தப் பிறப்பிடங்கள்தான்.

## ப்யார்

ஆளைப் பற்றிய வாக்கியம் என்றால் யோசிக்காமல் இதிலிருந்து தொடங்கலாம். தாய், தம்பி, காதலி, பேரன், நாய் எல்லோருக்கும் பொருந்தும் ஒரே சொல் இது.

அடிப்படை வடிவம்: ‘மேன் தும்ஸே ப்யார் கர்தா ஹூன்’ (ஆண்), ‘மேன் தும்ஸே ப்யார் கர்தீ ஹூன்’ (பெண்). ‘தும்ஸே’ இருக்குமிடத்தில் மிக நெருக்கமானவரிடமும் கடவுளிடமும் ‘துஜ்ஸே’, மரியாதைக்கு ‘ஆப்ஸே’. காதல் வசனத்தில் ஆப், தும், தூ மூன்றில் எது என்று முடிவுசெய்யாமல் சப்டைட்டில் எழுதத் தொடங்கக்கூடாது. பாத்திரங்கள் எந்தக் காட்சியில் ஆப்பிலிருந்து தும்முக்கு இறங்குகிறார்கள் என்பதே அந்த உறவின் கதை.

சொல்பவரின் பால் தெரியாதபோது இன்னொரு வடிவம் கைகொடுக்கும்: ‘முஜே தும்ஸே ப்யார் ஹை’. ‘எனக்கு உன்மேல் அன்பு இருக்கிறது’ என்ற அமைப்பு. வினை ப்யாரோடு ஒட்டிக்கொள்வதால் கர்தா, கர்தீ சிக்கலே எழாது. டி-ஷர்ட், காபிக் குவளை, செயலியில் வரும் செய்தி எல்லாவற்றுக்கும் இதுவே நல்லது. ‘கர்தா/கர்தீ’ என்று சாய்கோடு போட்டு அச்சடிப்பது அழகைக் கெடுக்கும். இறந்தகாலத்தில் ‘மேனே உஸ்ஸே ப்யார் கியா’ என்று வந்துவிட்டால் அங்கேயும் சொல்பவரின் பால் மறைந்துவிடும். ‘கியா’ ப்யாரின் ஆண்பாலைத்தான் காட்டுகிறது.

உருபு மாறினால் பொருளும் நகரும். ‘பச்சே ஸே ப்யார் கர்னா’ குழந்தையை நேசிப்பது. ‘பச்சே கோ ப்யார் கர்னா’ அணைத்து முத்தமிட்டுக் கொஞ்சுவது. ‘உஸ் பர் ப்யார் ஆயா’ என்றால் அந்த நொடியில் பொங்கிய பாசம். காதலர்களுக்கு ‘தும்ஹே(ன்) ப்யார் கர்தா ஹூன்’ என்று கோ வகை வடிவமும் காதில் விழும் (தும்ஹே(ன்) என்பது ‘தும் கோ’வின் மாற்று வடிவம்). தவறென்று யாரும் திருத்த மாட்டார்கள். சந்தேகம் இருந்தால் ஸே.

‘காதலில் விழுந்தேன்’ என்பதற்கு இயல்பான இந்தி ‘முஜே உஸ்ஸே ப்யார் ஹோ கயா’. ‘ப்யார் மே(ன்) பட்னா’வும் புழக்கத்தில் உண்டு. ஆனால் முன்னது ‘எனக்கு நடந்துவிட்டது’ என்று சொல்கிறது. பேச்சில் அதுதான் முதலில் வரும்.

ப்யாருக்கு மறைமுக விலை ஒன்றே: உணவு, திரைப்படம், பொழுதுபோக்கு இவற்றோடு சேர்த்தால் ஆங்கில வாடை அடிக்கும். ‘முஜே பிரியானீ ஸே ப்யார் ஹை’ என்று விளம்பரக்காரர்கள் வேண்டுமென்றே எழுதலாம். சாப்பாட்டு மேசையில் சொன்னால் நகைச்சுவை. நாடு, ஊர், மொழி போன்றவற்றுக்குப் பழுதில்லை: ‘தேஷ் ஸே ப்யார்’ முழு மரியாதையோடு நிற்கும்.

## ப்ரேம்

இலக்கணம் ப்யார் போலவே: ‘ஸே ப்ரேம் கர்னா’, ஆண்பால் பெயர்ச்சொல். எழுத்து நடையில் ‘கே ப்ரதி ப்ரேம்’ (மீதான அன்பு) என்றும் வரும். வேறுபாடு எங்கே சொல்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. பக்தி, தத்துவம், பாடநூல், செய்தித்தாள், கூட்டுச்சொல் இவை ப்ரேமின் நிலம். தேஷ்ப்ரேம் (நாட்டுப்பற்று), ப்ரேம் விவாஹ் (காதல் திருமணம்), ப்ரேம் பத்ர (காதல் கடிதம்) போன்ற இடங்களில் ப்யாரைச் செருக முடியாது. பரிசுப் பொருளின்மேல் ‘ஸப்ரேம் பேன்ட்’ (அன்பளிப்பு) என்று எழுதுவதும் இப்படி உறைந்துபோன வழக்கு.

தக்ஷிண பாரத் ஹிந்தி பிரசார் சபாவின் தேர்வுகளுக்குப் படித்து வந்தவர்களின் கை முதலில் ப்ரேம் பக்கம் போவது இயல்பு. பாடப்புத்தக இந்தியில் சம்ஸ்கிருதச் சொற்கள் அதிகம். நமக்கும் ‘பிரேமை’ பழகிய சொல். ஆனால் கல்லூரி மாணவன் தோழியிடம் ‘மேன் தும்ஸே ப்ரேம் கர்தா ஹூன்’ என்றால் புராண நாடகத்திலிருந்து இறங்கி வந்தவன் போல் இருக்கும். பழைய காலக் கதை, பக்திப் பாடல், மேடை வசனம் என்றால் அதே வாக்கியம் கச்சிதம்.

இன்னொரு பொறி ‘ப்ரேமீ’. முன்னால் ஒரு பெயர்ச்சொல் ஒட்டினால் நல்ல சொல்: புஸ்தக் ப்ரேமீ (புத்தகப் பிரியர்), பஷு ப்ரேமீ (விலங்குப் பிரியர்), ப்ரக்ருதி ப்ரேமீ (இயற்கைப் பிரியர்). தனியே நின்றால் காதலன். இந்திச் செய்தித்தாளின் குற்றப் பக்கத்தில் ‘ப்ரேமீ’, ‘ப்ரேம் ப்ரஸங்க்’ இரண்டும் ‘கள்ளக்காதல்’ செய்திகளில் புழங்கும் சொற்கள். ஒரு நூலகத்தின் அழைப்பிதழில் ‘ஹமாரே ப்ரேமீ’ என்று எழுதிவிட்டால் திரும்ப அச்சடிக்க வேண்டியதுதான்.

## சாஹ்னா

இது ஒன்றுதான் ‘கர்னா’ (செய்தல்) துணையில்லாமல் தானே வினையாக நிற்கும் சொல். உருபு கோ: ‘மேன் தும்ஹே(ன்) சாஹ்தா ஹூன்’. தமிழின் ‘உன்னை விரும்புகிறேன்’ என்பதோடு அப்படியே பொருந்தும். ப்யாரைவிடச் சற்று அடக்கமாக, மனத்துக்குள் வைத்திருந்ததைச் சொல்வது போன்ற தொனி இதற்கு உண்டு.

சிக்கல் என்னவென்றால் சாஹ்னாவின் முதல் பொருள் ‘வேண்டும் என்று நினைத்தல்’. ஆளோடு சேரும்போதுதான் காதல். செயலோடு சேர்ந்தால் விருப்பம்: ‘ஜானா சாஹ்தா ஹூன்’ (போக விரும்புகிறேன்). பொருளோடு சேர்ந்தால் தேவை: ‘மேன் யஹ் கர் சாஹ்தா ஹூன்’ என்றால் ‘இந்த வீடு எனக்கு வேண்டும்’, வீட்டை நேசிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இதன் உறவான ‘சாஹியே’ இன்னும் ஆபத்து. ‘முஜே தும் சாஹியே’ என்பது கடையில் பொருள் கேட்கும் அதே அமைப்பு. காதல் வசனமாக வந்தால் பிடிவாதம், உரிமை கொண்டாடல் என்ற நிறம் ஏறும். வில்லனுக்குத் தோதான வரி.

தாய், தந்தையிடம் சாஹ்னாவை நேரடியாகச் சொல்வது அரிது. ‘சாஹ்னே வாலே’ என்ற பன்மை வடிவம் மட்டும் தனிச் செல்வம்: ஒரு நடிகரையோ எழுத்தாளரையோ நேசிப்பவர்கள், ரசிகர்கள்.

## பசந்த், அச்சா லக்னா, ஷௌக்

ஆங்கிலத்தில் ‘லவ்’ என்று எழுதப்படும் வாக்கியங்களில் எத்தனையோ உண்மையில் இந்தப் பிரிவைச் சேர்ந்தவை. உணவு, நிறம், மழை, பாட்டு, பயணம். இங்கே தமிழர்களுக்கு ஒரு சாதகம் உண்டு. ‘எனக்கு மழை பிடிக்கும்’ என்ற நம் வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் மாற்றினாலே இந்தி வந்துவிடும்: ‘முஜே பாரிஷ் பசந்த் ஹை’, ‘முஜே பாரிஷ் அச்சீ லக்தீ ஹை’. அழுத்தம் வேண்டுமானால் ‘பஹுத்’ சேர்த்தால் போதும்.

இரண்டுக்கும் வேறுபாடு நுட்பமானது. பசந்த் என்பது நிலையான ரசனை, தேர்வு. அச்சா லக்னா அனுபவிக்கும்போது வரும் இனிமை. படம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது ‘பசந்த் ஆயீ’ அல்லது ‘அச்சீ லகீ’. ‘பசந்த் ஹை’ என்றால் ஏற்கெனவே பிடித்த படம். அச்சா என்பது பிடித்த பொருளின் பாலுக்கு ஏற்ப அச்சா, அச்சீ, அச்சே என்று மாறும். பசந்த் மாறாது. இலக்கணத்தில் தடுமாறுபவருக்குப் பசந்தே பாதுகாப்பு.

பொழுதுபோக்கு என்றால் ஷௌக் இரண்டையும்விடச் சிறப்பு: ‘முஜே படனே கா ஷௌக் ஹை’ (எனக்கு வாசிப்பில் ஈடுபாடு உண்டு). வாசிப்பு, சமையல், தோட்டம் எல்லாவற்றுக்கும் இது ஒட்டும்.

ஆளுக்கு இவற்றைப் போடும்போது கவனம். ‘வஹ் முஜே அச்சீ லக்தீ ஹை’ என்று ஓர் இளைஞன் ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னால் ஈர்ப்பு தொடங்கிவிட்டது என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்கள். ‘லட்கீ பசந்த் ஆ கயீ’ என்றால் பெண் பார்த்து ஒப்புக்கொண்டாகிவிட்டது. சக ஊழியரைப் பாராட்ட நினைத்து இவற்றில் மாட்டிக்கொள்ள வேண்டாம். ‘உன்கா காம் முஜே பசந்த் ஹை’ என்று வேலையைப் பாராட்டுவது நல்லது.

## முஹப்பத், இஷ்க்

இரண்டும் ஒன்றல்ல. முஹப்பத் பரந்தது, நாட்டுக்கும் தாய்க்கும் மொழிக்கும் சொல்லலாம். பெண்பால் சொல், அதனால் ‘மேனே முஹப்பத் கீ’. மெஹ்பூப், ஹபீப் இவற்றின் வேரும் அதுவே.

இஷ்க் ஆளையே விழுங்கும் காதல். ஆண்பால்: ‘இஷ்க் கியா’, ‘இஷ்க் ஹோ கயா’. சுற்றிப் படரும் ஒரு கொடியின் பெயரோடு இதை அரபு அகராதி மரபு தொடர்புபடுத்துகிறது. சூஃபிகள் இறைவன்மீதானதை இஷ்க்-ஏ-ஹகீகீ என்றும் மனிதர்மீதானதை இஷ்க்-ஏ-மஜாஸீ என்றும் பிரித்தார்கள். தாயிடமும் பிள்ளையிடமும் இதைச் சொல்வதில்லை, சொன்னால் விபரீதம்.

பாடல், கஜல், காதல் விளம்பரம் என்றால் இவற்றின் அழகுக்கு ஈடில்லை. அன்றாடப் பேச்சில் இஷ்க் கேலியாகச் சாய்ந்துவிடும்: ‘இஷ்க் லடானா’ என்றால் ஊர் சுற்றிக் காதல் பண்ணுதல், ‘ஆஷிக்’ பல தெருக்களில் பெண்கள் பின்னால் அலைபவன். பாட்டில் கேட்ட சொல்லை அலுவலகத்துக்குக் கொண்டுபோகும் பழக்கம் இங்கேதான் வம்பாகிறது.

## இளையவர்மீதான அன்பு: ஸ்னேஹ், மம்தா, துலார்

ஸ்னேஹ் மூத்தவரிடமிருந்து இளையவருக்கு இறங்குவது: ஆசிரியர் மாணவனிடம், அக்கா தம்பியிடம். சம்ஸ்கிருதத்தில் இதற்கு எண்ணெய்ப் பசை என்றும் பொருள். கடிதத்தின் கீழே ‘ஸஸ்னேஹ்’ என்று பெரியவர் எழுதலாம். மாணவன் ஆசிரியருக்கு எழுதினால் உறவு தலைகீழ்.

மம்தா தாய்க்கே உரியது. ‘மம’ (என்னுடைய) என்பதிலிருந்து வந்தது. வாத்ஸல்ய, கன்றைக் குறிக்கும் ‘வத்ஸ’ என்பதன் வழி, எழுத்தில் மட்டும். துலாரும் லாடும் கொஞ்சல், செல்லம். ‘லாட்-ப்யார்’ என்று சேர்த்துச் சொன்னால் ‘செல்லம் கொடுத்துக் கெடுத்தல்’ பக்கத்திலேயே நிற்கிறது. பள்ளி விளம்பரத்தில் போடுமுன் யோசிக்கவும்.

## தமிழ்ச் சொல் போலவே இருப்பவை

அகராதிகள் எச்சரிக்காத பகுதி இது. ‘சிநேகம்’ நமக்கு நட்பு. நண்பனைப் பற்றி ‘ஸ்னேஹ்’ என்றால் இந்திக்காரருக்கு அவன் உங்களைவிடச் சின்னவன். நட்புக்கு ‘தோஸ்தீ’. ‘அபிமானம்’ நமக்குப் பற்று, அபிமானி ரசிகர். இந்தி ‘அபிமான்’ கர்வம். ஒரு நடிகரிடம் ‘மேன் ஆப்கா அபிமானீ ஹூன்’ என்றால் ‘நான் உங்களுடைய திமிர் பிடித்தவன்’ என்று கேட்கும். இங்கே ‘ப்ரஷன்ஸக்’ (ரசிகர்), அல்லது மேலே சொன்ன ‘சாஹ்னே வாலே’யின் ஒருமையான ‘சாஹ்னே வாலா’ (பெண் என்றால் ‘வாலீ’).

மமதை இதற்கு நேரெதிர்: நமக்கு ஆணவம், அவர்களுக்குத் தாயன்பு. ‘ஆசை’ இந்தி ‘ஆஷா’வானால் நம்பிக்கை. ‘பாசம்’ என்று நினைத்து ‘பாஸ்’ என்றால் ‘பக்கத்தில்’ என்று பொருள்; ‘பாஷ்’ என்றால் சுருக்குக் கயிறு.

## ஒரு பார்வையில்

| சொல்ல வருவது | எடுக்க | எச்சரிக்கை |
|---|---|---|
| காதலரிடம் நேரில் | தும்ஸே ப்யார் கர்தா/கர்தீ ஹூன் | ஆப், தும், தூ முதலில் தீர்மானிக்கவும் |
| சொல்பவரின் பால் தெரியாத வாசகம் | முஜே தும்ஸே ப்யார் ஹை | கர்தா வடிவம் வேண்டாம் |
| நீண்ட நாள் சொல்லாத காதல் | தும்ஹே(ன்) சாஹ்தா/சாஹ்தீ ஹூன் | சாஹியே ஆகிவிடக்கூடாது |
| அம்மா, அப்பா | ப்யார் | இஷ்க், சாஹ்னா வேண்டாம் |
| மாணவர், தம்பி, தங்கை | ஸ்னேஹ், ப்யார் | கீழிருந்து மேலே ஸ்னேஹ் போகாது |
| உணவு, படம், மழை | பசந்த், அச்சா லக்னா | ப்யார் விளம்பர வாடை |
| வாசிப்பு, சமையல் | ஷௌக் | |
| நாடு, மொழி | ப்யார், ப்ரேம், முஹப்பத் | நடைக்கு ஏற்ப |

## ‘லவ்’வை அப்படியே விடுவது

இதுவும் ஒரு தேர்வுதான், சோம்பேறித்தனம் அல்ல. நகரத்து இளைஞர்கள் இந்தி பேசும்போதே ‘ஐ லவ் யூ’ என்கிறார்கள். ‘லவ் மேரேஜ்’ பேச்சுச் சொல், ‘ப்ரேம் விவாஹ்’ செய்தித்தாள் சொல். சமகாலக் கதையில் எல்லா ‘லவ்’வையும் ப்யாராக மாற்றினால் பாத்திரங்களுக்கு வயது கூடிவிடும். தனிச் சொல்லாக எழுதும்போது மட்டும் ஒரு நெருடல் உண்டு: தேவநாகரியில் ‘லவ்’ என்று எழுதினால் அது ராமனின் மகன் லவனின் பெயரும்கூட. ‘லவலேசமும் இல்லை’ என்பதில் வரும் ‘துளி’யும் அதே எழுத்துகள்தான். தலைப்பில் தனியே நிற்க வேண்டியிருந்தால் ‘லவ் ஸ்டோரி’ என்பது போல அடுத்த சொல்லையும் கூடவே வைப்பது நல்லது.

ஆங்கிலத்தில் ‘லவ்’ இருந்தும் அன்பே இல்லாத வாக்கியங்களும் உண்டு. ‘ஐ வுட் லவ் டு கம்’ என்பதற்கு ‘ஜரூர் ஆஊங்கா’ (பெண் என்றால் ‘ஆஊங்கீ’) அல்லது ‘படீ குஷீ ஸே’. சாப்பாட்டைச் சுவைத்தவுடன் வரும் ‘லவ்ட் இட்!’டுக்கு ‘மஜா ஆ கயா’. ‘அடோர்’ லத்தீனில் வழிபாட்டுச் சொல் என்பதற்காக ‘ஆராதனா கர்னா’ என்று போட்டுவிட வேண்டாம், அது சாமிக்கு. ‘ஐ அடோர் சாக்லேட்’ என்றால் ‘சாக்லேட் முஜே பஹுத் பசந்த் ஹை’. ‘செரிஷ்’ நினைவுகளோடு வந்தால் ‘ஸஞ்ஜோகர் ரக்னா’, அதாவது பத்திரமாகச் சேர்த்து வைத்தல். அங்கே ப்யாருக்கு வேலையில்லை.